உளியறைக்கு உரியவள்

"போறதுன்னா தாராளமாப் போம்மா. பிள்ள மட்டும் இங்க இருக்கட்டும்" என்றார் குவாங். வம்சத்துக்கே மூத்தவர். மூதாதையர் மாடத்தில் ஊதுபத்தியைச் செருகிவிட்டு, ஏதோ கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போகச் சொல்பவர்போலச் சொன்னார்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மருமகள் தோவா நிறுத்த மறந்தாள், கோப்பை வழிந்தது. மகள் மியென் அவள் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மரக் கடைசல்தான். ஜெபமணி, ஊதுபத்திக் குடுவை, கிண்ணம். மரத்தை எவனும் கடைந்துவிடுவான். கிண்ணத்தின் வயிற்றைக் குடைகிற கொக்கி உளியில்தான் இருக்கிறது விஷயம். தேய்ந்த அரத்தை உலையில் பழுக்க வைத்து, வளைத்து, தண்ணீரில் முக்கித் தோய்ச்சல் கொடுத்து, சாணை பிடிக்க வேண்டும். அந்தப் பக்குவம் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ரகசியம். மகனுக்குச் சொல்வார்கள், மருமகளுக்கும் சொல்வார்கள். மகளிடம் மட்டும் மூச்சு விடமாட்டார்கள். நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிறவளாம், வித்தையும் கூடவே போய்விடுமாம். பெற்ற மகள் திருடி, வந்த மருமகள் காவல்காரி. இந்த அநியாயத்துக்கு முறை என்று பெயர் வேறு.

தோவாவும் கல்யாணத்தன்று அதே மாடத்தின் முன் மண்டியிட்டு, வெளியாள் யாருக்கும் இதைக் காட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தவள்தான். பிறகு புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்தான். மாமனார் தியெமுக்குப் பார்வை போய்விட்டது. அந்த வீட்டில் உலை எரிவதும் அடுப்பு எரிவதும் அவள் ஒருத்தி கையால்தான். இப்போது, மரம் ஏற்றி வரும் படகுக்காரன் வின், அவனும் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், அவளையும் பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான். புருஷன் செத்தவளுக்கு ஆசை இருக்கக் கூடாதா? இருந்தது. நெஞ்சு முட்ட இருந்தது.

போனால் உளியையும் உலையையும் மறந்துவிட வேண்டும் என்றார்கள், கூடியிருந்த வம்சத்துப் பெரியவர்கள். தலையாட்டினாள். பிள்ளையை மட்டும் கேட்டாள். அழுதாள். ஒவ்வொருவர் காலாகப் பிடித்தாள். யாரும் மசியவில்லை. தியெம் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ மியென் இந்த வீட்டுப் பிள்ளதானா, பெரிய மாமா?" என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி? எலும்பும் ரத்தமும் இந்த வீட்டோடது. மாடத்துக்கு முன்னாடி சொல்றேன், கேட்டுக்க."

"சரி. நான் போகல."

பெரியவர்களுக்குப் பரம திருப்தி. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு கிளம்பினார்கள். அன்று மாலை தோவா படித்துறைக்குப் போய் வின்னிடம் விஷயத்தைச் சொன்னாள். காத்திருக்கிறேன் என்றான் அவன். வேண்டாம் என்றாள். படகு வளைவில் மறையும்வரை நின்றாள். அந்த வயிற்றெரிச்சலை எழுதி ஆற்ற முடியாது.

மறுநாள் காலையில் மகளை உளியறைக்குள் கூட்டிப்போனாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று கதவை அகலத் திறந்து வைத்தாள். உளியைப் பிள்ளையின் கையில் கொடுத்து, விரல்களின்மேல் தன் விரல்களை வைத்துச் சாணைக்கல்லில் அழுத்திக் காட்டிவிட்டு விலகிக்கொண்டாள். கல்லில் இரும்பு தடுமாறித் தடுமாறி உரசியது.

கட்டிலில் கிடந்த தியெம் காதைத் தீட்டிக்கொண்டார். "யாரது? கை புதுசா இருக்கே."

"மியென், மாமா."

சுவரைத் தடவியபடி ஓடிவந்தார் மனுஷர். சத்தியம் என்ன ஆயிற்று, வம்சத்துக்குத் தெரிந்தால் தெருவில் நிறுத்திவிடுவார்களே என்று பதறினார்.

"வெளியாளுக்குக் காட்டமாட்டேன்னுதான் மாமா நான் சத்தியம் பண்ணுனேன். இவ வெளியாளு இல்லன்னு நேத்து மாடத்துக்கு முன்னாடி சொன்னது அவங்கதான். வரட்டும். வந்து, இவ இந்த வீட்டுப் பிள்ள இல்லன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். இவ கையப் புடிச்சுக்கிட்டு அப்பவே படித்துறைக்குப் போயிடுறேன்."

தியெம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தோவா மகள் பக்கம் திரும்பினாள். "ஏன் நிறுத்துன? கல்லுல தண்ணி விடு. உளி சூடாகுது பாரு."