எட்டாவது ஆள்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவள் ஒரு ஃபிரேமைச் சூடு காட்டி வளைத்துக்கொண்டிருந்தபோது புருஷனின் கட்டங்கள் போனில் வந்து விழுந்தன. மூன்றே வரி, கடைசி வரி முழுக்கப் பச்சை. கூடவே ஒரு சொல்கூட இல்லை. மூன்றில் முடித்துவிட்டுத் தம்பட்டம் அடிக்காமல் இருக்கிற ஆளா அவன்? ஏழாவதில் தட்டுத்தடுமாறி முடித்த நாளிலேயே ஊரைக் கூட்டுகிறவன்.

தினம் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரனை ஒளித்துவைக்கிற விளையாட்டு அது. கண்டுபிடிக்க எட்டு வாய்ப்பு. யாராவது ஒருவன் பெயரைப் போட்டால் அணி, வயது, மைதானத்தில் நிற்கும் இடம், மட்டை பிடிக்கும் கை, பந்து எறியும் கை என்று ஐந்து கட்டங்கள் வரும். பொருந்தினால் பச்சை, கிட்டத்தில் இருந்தால் மஞ்சள், இல்லையென்றால் சாம்பல். முடித்த பிறகு பெயர்களை மறைத்து நிறங்களை மட்டும் அடுத்தவருக்கு அனுப்பலாம். பேஸ்பால் பைத்தியம் அவனுக்குத்தான். அவளுக்கு ஒரு ஆட்டத்தை முழுசாக உட்கார்ந்து பார்க்கப் பொறுமை கிடையாது. ஆனால் கட்டத்தில் தினமும் அவனை மண்ணைக் கவ்வ வைப்பாள். எல்லாவற்றிலும் நடுவாந்தரமாக இருக்கிற ஒருவனில் தொடங்கினால் பாதிப்பேர் கழிந்துபோவார்கள் என்பது அவளுக்கு முதல் வாரமே விளங்கிவிட்டது. அவனோ தலைகீழாக நின்றாலும் தாடிக்காரனில்தான் தொடங்குவான். தாடிக்காரன் அவனுக்குப் பிடித்த அணியில் இடதுகையால் எறிகிற நட்சத்திரம். "வேற ஆள முதல்ல போட்டா அது துரோகம்" என்பான்.

இன்றைய ஆளை அவள் காலையில் பஸ்ஸிலேயே கண்டுபிடித்திருந்தாள். வலதுகையால் எறிகிறவன். தாடிக்காரனைப் போட்டிருந்தால் முதல் வரியின் கடைசிக் கட்டம் சாம்பலாகத்தான் வந்திருக்க வேண்டும். பச்சையாக இருந்தது. வயதுக் கட்டம் மஞ்சள். யாரோ நடுவிலிருந்து ஆரம்பித்து, பொறுமையாக இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இது அவன் ஆடின ஆட்டமே இல்லை. அவன் போனில், அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு யாரோ ஆடியிருக்கிறார்கள்.

ஒரு வாரமாக அவனுக்கு வேலை இல்லை. குளிர்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, சரக்கு சரிபார்க்கும் மீசை வண்டிக்கும் அடுக்குக்கும் நடுவில் சிக்கி, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவருக்கு அந்தப் பெயரை வைத்ததே இவன்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கூடப்பிறந்த அண்ணன் மாதிரி. வண்டி ஓடும் பாதையைப் பிரிக்கிற மஞ்சள் கோட்டை மீசை தாண்டி நின்றதுதான் காரணம் என்று கம்பெனியில் பேச்சு. விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கிறது, சொந்த அண்ணன் வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று தினமும் கிளம்பிவிடுவான்.

அவள் அவனுடைய அண்ணன் பெண்சாதிக்குப் போன் போட்டாள்.

"இங்கயா? உன் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வந்து மாசக்கணக்குல ஆகுதேம்மா. ஏன், என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லக்கா, சும்மாதான்" என்று வைத்துவிட்டாள். எந்தப் பெண்ணுக்கும் முதலில் வருகிற சந்தேகம்தான் அவளுக்கும் வந்தது. வந்ததற்காக வெட்கப்படவும் இல்லை. எத்தனை நாளாக இந்தக் கூத்து நடக்கிறது என்று பார்க்கப் பழைய கட்டங்களை மேலே தள்ளிக்கொண்டே போனாள். விபத்து நடந்த நாளில் வந்து நின்றாள். அன்றைக்குக் கட்டங்கள் இல்லை. "ஏழும் போச்சு. ஒண்ணுதான் பாக்கி. க்ளூ குடு" என்று அவன் கேட்டிருந்தான். "போன வருஷம் அணி மாறினவன்" என்று அவள் பதில் போட்டிருந்தாள். அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

அந்த வரிகளின் மணியைப் பார்த்தாள். சாப்பாட்டு வேளைக்கு வெகு முன்னால், விபத்து நடந்ததாகச் சொன்ன அதே நேரம். குளிர்கிடங்கில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், சாப்பாட்டுக்குத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். அன்று கடையில் கூட்டம். கேள்வி வந்த நேரத்தை அவள் யோசிக்கவேயில்லை. அப்படியென்றால் போன் அவன் கையில்தான் இருந்திருக்கிறது. இரண்டு வரியையும் அழித்துவிட்டால் என்ன என்றுதான் முதலில் நினைத்தாள். கட்டைவிரல் அங்கே போயும்விட்டது. அதற்குள் முன்னால் யாரோ கூப்பிட்டார்கள்.

சாயங்காலம் அவன் தட்டில் போட்டதைக் கிளறிக்கொண்டிருந்தான். நேராகக் கேட்டால் நேராகப் பொய் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் நடுவிலிருந்து ஆரம்பித்தாள்.

"பஸ்லயா போனீங்க, நடந்தா?"

"பஸ்லதான்."

"அங்க கீழயா, மாடியா?"

அவன் நிமிர்ந்தான். அண்ணன் வீட்டுக்கு மாடி கிடையாது. "மாடி" என்றான், மெதுவாக.

"அவங்க உக்காந்திருந்தாங்களா, படுத்திருந்தாங்களா?"

"படுத்திருந்தாரு."

"மீசை அண்ணனா?"

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"முதல் வரியில தாடிக்காரன் இல்ல."

சிரிக்க வந்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். பிறகு தானாகவே சொன்னான். முதல் நாள் மீசையின் முகத்தைப் பார்த்து என்ன பேசுவதென்று தெரியாமல் போனை நீட்டினானாம். "இப்படி ஆடினா உருப்படுவியாடா? நடுவுல இருக்கிறவன முதல்ல போடு" என்று மீசை கேலி செய்தாராம். அதிலிருந்து இவன் படித்துச் சொல்ல, தினமும் இரண்டு பேரும் சேர்ந்தே ஆடுகிறார்கள்.

"நாளைக்குக் கம்பெனிக்காரங்க வார்டுக்கு வந்து எழுதி வாங்குறாங்க. கோட்டத் தாண்டினது என் தப்புதான்னு எழுதிக் குடுத்துடறேன்டான்னு சொல்றாரு. உன் பேருக்கு ஒண்ணும் வராதுங்கிறாரு."

"தாண்டித்தான் நின்னாரா?"

"ஒரு கால். ஓரமாதான் நின்னாரு." தண்ணீரைக் குடித்தான். "திரும்பிப் பாத்திருந்தா நிறுத்தியிருக்கலாம்."

அவள் தன் போனில் அந்த இரண்டு வரியையும் திறந்து அவன் பக்கம் திருப்பி வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

"கேட்ல பழைய போனக் குடுத்துட்டு என் போன ஜாக்கெட்டுக்குள்ள வச்சிருந்தேன். அதிர்ந்துச்சு. ஒரு வரிதானேன்னு எடுத்துப் பாத்தேன்."

"நான் அனுப்பின வரி."

"நான்தானே கேட்டேன்."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவன் மேலா, தன் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு மனுஷன் இடுப்பும் ஒடிந்து, பழியையும் தானே இழுத்துத் தலையில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார். இங்கே இரண்டு பேர் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

"சொன்னா என் வேலை போயிடும்" என்றான். "அப்புறம் எவனும் என்ன நம்பி வண்டி குடுக்க மாட்டான்."

"ஆமா."

"அழிச்சிட்டா யாருக்கும் தெரியாது."

"மத்தியானம் நானும் அதத்தான் நெனச்சேன்" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போனை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது அது அவன் கையில் இருந்தது. அழித்துவிட்டானா இல்லையா என்று தெரியாமலே படுத்தாள். கண்ணை மூடினாலும் தூக்கம் வரவில்லை.

காலையில் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவனோடு பஸ் ஏறினாள். வழியில் இரண்டு பேரும் அன்றைய ஆட்டக்காரனைத் தேடவில்லை.

மீசை தலையணையில் சாய்ந்து படுத்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மா, வா! உன் வீட்டுக்காரன் ஆட்டம் தேறிடுச்சு பாத்தியா? இனிமே உன் பாடு திண்டாட்டம்தான்." அவன் பக்கம் கையை நீட்டினார். "எங்கடா இன்னிக்கு ஆளு? சீக்கிரம் போடு, அவங்க வந்துடுவாங்க."

அவன் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நர்ஸ் எட்டிப் பார்த்து, "உங்க கம்பெனிலேர்ந்து ரெண்டு பேர் கீழ வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை.

"அண்ணே" என்றான். குரல் உடைந்திருந்தது. "அத விடுங்க. அவங்க வர்றதுக்குள்ள நீங்க இதப் படிக்கணும்." போனில் எதையோ தேடித் திறந்து அவர் கையில் வைத்தான். திரையில் அந்த இரண்டு வரியும் அப்படியே இருந்தன, நாளும் மணியும் கூட.

மீசை போனைத் தள்ளிப் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். "என்னடா இது, ஒண்ணுமே தெரியல. இந்தக் கண்ணாடி அன்னியிலேர்ந்தே இப்படித்தான், மூக்குல நிக்கவே மாட்டேங்குது."

அவருடைய கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். காதில் மாட்டும் கம்பி ஒன்று வெளிப்பக்கம் வளைந்திருந்தது. கண்ணாடியில் விரல் ரேகைகள் அப்பிக் கிடந்தன. ஒரு வாரமாக யார் கண்ணிலும் அது படவில்லை. வெளியே படிக்கட்டில் செருப்புச் சத்தமும் ஷூ சத்தமும் கலந்து ஏறி வந்தன.

"குடுங்கண்ணே" என்று கழற்றி வாங்கினாள். சூடு காட்ட இங்கே வழியில்லை. உள்ளங்கையில் பொத்திவைத்து, கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அழுத்தினாள். கைப்பையிலிருந்து கடைத் துணியை எடுத்து, கண்ணாடியில் ஊதி ஊதி இரண்டு பக்கமும் துடைத்தாள். பிறகு குனிந்து, அவர் காதுகளில் மெதுவாக மாட்டி, மூக்கின்மேல் நேராக்கினாள்.

"இப்போ தெரியுதாண்ணே?" என்றாள், கடைக்கு வருகிறவர்களிடம் கேட்பதுபோல.

"ஆகா, பளிச்சுன்னு தெரியுதும்மா" என்று சொல்லிவிட்டு, மீசை போனை உயர்த்திப் பிடித்து, உதடுகள் அசைய, முதல் வரியைப் படிக்க ஆரம்பித்தார்.