மேற்குச் சுவரின் ஈரக்கறை

எங்கள் ஊரில் யாரிடம் வழி கேட்டாலும் முதலில் தண்ணீர்த் தொட்டியைத்தான் கை காட்டுவார்கள். நூறு வருஷத்துக்கு முன்பு கட்டிய செங்கல் கோபுரம், உச்சியில் இரும்புத் தொட்டி. அதை இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட மகானுபாவன் நான்தான். நகராட்சிப் பொறியாளர்.

தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஆபரேட்டர் என் தங்கையின் கணவர். ஆய்வுக்குப் போன அன்று மேற்குச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஈரக்கறை, பாசி வேறு.

"ஏறிப் பாத்துட்டு எழுதுங்க மச்சான்" என்றார் அவர்.

"முழங்கால் வலி, மாப்பிள்ளை."

தரையில் நின்றபடியே சுவரை நாலு தட்டுத் தட்டினேன். தொட்டி கசிகிறது, சுவர் ஊறிப்போய்விட்டது, எந்நேரமும் விழலாம் என்று எழுதிக் கொடுத்தேன். இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ் போட்டவன் எழுதினால் எவன் மறுக்கப்போகிறான்?

இடிக்க வந்த இயந்திரத்துக்கு மூன்று பல் போயிற்று. நாலு நாள் வேலை பத்தொன்பது நாள் இழுத்தது. கடைசி நாள், சுவரின் நடுவிலிருந்து விழுந்த செங்கல் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பொட்டு ஈரமில்லை.

"அப்போ அந்தக் கறை?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

அவர் தன் செருப்பைப் பார்த்தபடி சொன்னார். "தெனமும் காலைல தொட்டி நெறஞ்சதும் ரெண்டு நிமிஷம் வழிய விடுவேன். சுவத்துல தண்ணி வழியறதப் பாத்துட்டுதான் ஜனங்க வீட்டுல குழாயத் தொறப்பாங்க."

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"தண்ணிய வீணாக்கறேன்னு மெமோ குடுப்பீங்களே. மேல ஏறினா வழியற குழாயப் பாத்து நீங்களே புரிஞ்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

கொடுத்திருப்பேன்தான். அதிலெல்லாம் நான் குறை வைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. என் மனைவிக்குக்கூடத் தெரியாத ஒன்றை அவரிடம் சொன்னேன்.

"முழங்காலுக்கு ஒண்ணுமில்ல, மாப்பிள்ளை. எனக்கு ஏணின்னா பயம். சின்ன வயசுலேருந்தே."

லாரி ஒன்று செங்கல்லை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"சொல்லியிருந்தா நான் பின்னாடியே ஏறி வந்திருப்பேனே, மச்சான்" என்றார்.