வைகாசியில் டிசம்பர் பூ

செங்கமலம் வீட்டில் காசு கொடுத்து வாங்கிய செடி கிடையாது. திருக்கோகர்ணத்தில் அந்தச் சின்னக் கொல்லையில் நிற்பதெல்லாம் யாரோ ஒருவர் கையால் வந்தவை. கொடுத்தவர் பெயர்தான் செடிக்கும். “அமிர்தவல்லிக்குத் தண்ணி ஊத்துனியா?” என்றுதான் மருமகள் காவ்யாவிடம் கேட்பாள்.

மே மாதம் மட்டும் பூக்கிற கிழங்குச் செடி அந்த அமிர்தவல்லி. போன ஐப்பசியில் சிவப்பாக ஒரு பந்து பூத்தது. நாலாம் நாள் அரிமளத்திலிருந்து செய்தி வந்தது. அமிர்தவல்லி படுத்த இடத்திலேயே போய்விட்டாள். நோய் நொடி எதுவும் இல்லை. பனிக்காலத்துச் செவ்வந்தி சித்திரை வெயிலில் பூத்தது. ரெங்கசாமி அண்ணன் கொடுத்தது. மூன்றாம் நாள் அவரும் இல்லை.

வைகாசி பிறந்ததும் டிசம்பர் செடியில் ஒரு மொட்டு. அது கண்ணன். அவளுடைய ஒரே மகன், கத்தாருக்கு விமானம் ஏறிய அன்று காலையில் ஊன்றிவிட்டுப் போன குச்சி.

பூத்தால்தானே என்று மொட்டைக் கிள்ளி எறிந்தாள். மறுநாள் வேறொரு கணுவில் இன்னொன்று. அதையும் கிள்ளினாள்.

“அது என்னங்கத்தை பாவம் பண்ணுச்சு? நான் தலையில வச்சுருவேன்னு பயமா?” என்றாள் காவ்யா.

“ஒனக்கு மல்லிகை வாங்கித் தாரேன். சும்மா இரு.”

ஏழாம் நாள் கண்ணன் வீடியோவில் வந்தான். முகம் மட்டும் காட்டினான்.

“கையைக் காட்டுடா.”

காட்டினான். வலக்கையில் ஒரு நகமும் இல்லை. இடக்கையில் மூன்றுதான்.

“தெனம் ஒண்ணு கழண்டுருதும்மா. வலியே இல்ல. சத்துக் கொறைவுங்குறாரு டாக்டர்.”

செங்கமலம் ஏழு மொட்டுக் கிள்ளியிருந்தாள்.

மறுநாள் கிள்ளவில்லை. அன்று நகம் எதுவும் விழவில்லை என்று கண்ணன் சொன்னான். அதற்கடுத்த நாளும் விட்டுவைத்தாள். சாயங்காலம் மொட்டின் நுனியில் ஊதா தெரிந்தது. நெஞ்சை அடைக்கிறது, வேலைக்குப் போகவில்லை என்று காவ்யாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தான்.

விடிந்து பார்த்தபோது கணுவுக்கு ஒரு மொட்டு இருந்தது. ஊதா மொட்டு பிரியத் தொடங்கியிருந்தது. மொத்தத்தையும் எண்ணினாள். பதினாலு. அவன் கையில் மிச்சம் மூன்று நகம், காலில் பத்து. மறுபடி எண்ணினாள். பதினாலுதான்.

“காவ்யா, அவனுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல வையி.”

“என்னங்கத்தை பேசுறது?”

“எதையாவது பேசு. அவன் பேசிக்கிட்டே இருக்கணும்.”

செடியருகே உட்கார்ந்தாள். போனில் கண்ணனுக்கு மூச்சு இழுத்தது. சாப்பிட்டீங்களா என்று காவ்யா கேட்டாள். செங்கமலம் ஊதா மொட்டைக் கிள்ளினாள்.

“ஸ்ஸ்.”

“என்னடா?”

“ஒண்ணுமில்லம்மா. இப்ப நெஞ்சு லேசாருக்கு. வெரல்தான் ஜில்லுங்குது.”

செங்கமலம் அடுத்த கணுவுக்குக் கையைக் கொண்டுபோனாள்.