பசையின் எடை

அக்கா வீட்டுக் கதவைத் தள்ளும்போதே பால் தீய்ந்த நாற்றம் தங்கையின் மூக்கில் ஏறியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்து, அக்கா ஒரு காலணியின் அடிப்பாகத்தில் தூரிகையால் பசை தடவிக்கொண்டிருந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. திறந்தால் ஈரப் பசையில் தூசி ஒட்டிக்கொள்ளும். தூசி ஒட்டிய ஜோடியைக் கம்பெனி எடுத்துக்கொள்ளாது.

"என்னடி, வந்ததும் வராததுமா அடுப்புக்கிட்ட ஓடறே?"

"பால் கருகிப்போச்சுக்கா. உனக்கு வாசனை வரலையா?"

"என் மூக்கு வேலையை விட்டு நின்னு எத்தனையோ மாசமாச்சு. கண்ணாடி மாட்டத்தான் இப்ப அதை வெச்சிருக்கேன்."

அக்கா சிரித்தாள். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு பொருள் உருவாவதிலிருந்து குப்பைக்குப் போவதுவரை மண்ணுக்கும் மனிதருக்கும் என்னென்ன கேடு செய்கிறது என்று மதிப்பிடுவதுதான் அவள் உத்தியோகம். போன வாரம் மதிப்பிட்டு முடித்தது இதே காலணியைத்தான். தோல், ரப்பர், லாரி, கப்பல், அட்டைப்பெட்டி எல்லாம் கணக்குக்குள் வந்தன. பசை வரவில்லை. மொத்த எடையில் ஒரு சதவீதம்கூடத் தேறாததை விட்டுவிடலாம் என்று விதி இருந்தது. அவள் விதியை மீறவில்லை. அதுதான் இப்போது உறுத்தியது. அந்தப் பசை எப்படிப்பட்ட அறையில் காய்கிறது என்று அலுவலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள். எழுதினால் அக்கா பிழைப்பில் மண் விழும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது பாதி உண்மை. 'உங்க அக்காவா?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம் மீதிப் பாதி.

அங்கேயே நின்றபடி மேலாளரை அழைத்தாள்.

"சார், அந்தக் காலணி மதிப்பீட்டை நிறுத்தி வைங்க. பசையைச் சேர்க்கணும்."

"எடையில அது ஒண்ணுமே இல்லையேம்மா."

"எடையில இல்ல சார். ஒட்டறவங்க உடம்புல இருக்கு. வீட்டுக்குள்ள வெச்சு ஒட்டறாங்க. எங்க அக்காவும் ஒட்டறாங்க. பால் கருகினாக்கூட அவங்களுக்குத் தெரியல."

"சரி, நாளைக்கு வாங்க, பேசலாம்."

அக்காவின் தூரிகை நின்றிருந்தது.

"நாளைக்கே கம்பெனியிலேருந்து காலணிக் கூடை வரலைன்னா என்னடி பண்றது?"

"நான் பாத்துக்கறேன்க்கா."

சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். இத்தனை மாதம் பார்த்தும் பாராமல் இருந்தவள் சொல்கிற சொல்லா அது?

"பார்ப்பே, பார்ப்பே." அக்கா கருகிய பாத்திரத்தைத் தாடையால் காட்டினாள். "முதல்ல அதைத் தேய்ச்சு வை."

அவள் தேய்த்தாள். அடி பிடித்த பால் லேசில் விடவில்லை. முதுகுக்குப் பின்னால் ஜன்னல் கொக்கி கழலும் சத்தம் கேட்டது. கழுத்தில் காற்று பட்டது. திரும்பி அக்காவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. சற்றுப் பொறுத்துத் தூரிகை மறுபடியும் ஓட ஆரம்பித்தது.