சர்க்கரைக் கூம்போடு வந்தவள்

மிலூதாவின் இடது தோளில் பிடித்த வலி தாடை வரை ஏறியிருந்தது. சாஃபி துறைமுகத்து மத்தி டப்பா ஆலையில் நாள் முழுக்க நின்று மீன் தலை கிள்ளுகிறவள், மூன்று வாரமாய் அதை வேலை வலி என்றே நினைத்தாள். நேற்று மேசையடியில் சுருண்டு விழுந்த பிறகுதான் மாமியார் ரக்கியா அவளை இதய மருத்துவரிடம் கூட்டி வந்தாள். அக்கறை ஒன்றுமில்லை. மருமகள் வாய்க்குக் காவல்.

"குழாய் அடைப்பு மாதிரி தெரியுது. நாப்பத்தொரு வயசு, புகைப் பழக்கம் இல்ல, சர்க்கரை இல்ல. ஆச்சரியமா இருக்கு. வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறியாம்மா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்," என்று ரக்கியா முந்திக்கொண்டாள். "புருஷன் செத்த துக்கம். எம்மவன் தங்கம். இவ அழுதழுதே நெஞ்சக் கெடுத்துக்கிட்டா."

டாக்டர் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

மாதாமாதம் முகத்தை மூடிக்கொண்டு மிலூதா போகிற சிகிச்சை மையத்து நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "கிருமி அடங்கிக் கெடந்தாலும் ரத்தக் குழாய அரிக்கும்டி. நெஞ்சு டாக்டர்கிட்ட மறைச்சிடாத. சில மாத்திரை இதோட சேராது."

மிலூதா பையிலிருந்த சீரக டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

"உள்ள இருக்கறது சீரகம் இல்ல டாக்டர். எச்.ஐ.வி. மாத்திரை. இவங்க தங்கமான மவன் குடுத்த சீர்."

ரக்கியா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சோற்றை அவளுக்கு மட்டும் தனித் தட்டில் தள்ளிவைக்கிற கை, வருஷக்கணக்கில் அவளைத் தொட்டதே இல்லை.

"அடிப்பாவி! செத்தவன் மானத்த வாங்கிட்டியேடி! பதினாலு வருஷமா நெஞ்சுல பூட்டி வெச்சிருந்தேனே!"

டாக்டர் சீட்டைக் கிழித்துப் போட்டார். "நல்ல வேளை சொன்ன. நான் எழுதினது இதோட சேராது."

அது மிலூதா காதில் ஏறவில்லை. மாமியார் சொன்ன 'பதினாலு வருஷ'த்திலேயே அவள் நின்றிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் கப்பலில் போன இடத்தில் நோய் ஒட்டிக்கொண்டது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். நம்பினாள். மன்னித்தாள். சாகும்வரை அவனுக்குப் பீ மூத்திரம் அள்ளினாள்.

"கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷந்தான அத்தை ஆச்சு?"

ரக்கியாவின் பிடி தளர்ந்தது.

"பொண்ணு கேட்டு எங்கப்பன் வீட்டுக்கு வழக்கப்படி நாலு சர்க்கரைக் கூம்போட வந்தீங்க. சிரிச்சீங்க, என் கைய மோந்து முத்தம் குடுத்தீங்க. 'எம்புள்ளைக்கு நோய் இருக்கு'ன்னு அன்னைக்குச் சொல்லியிருக்கணும். அந்த ஒரு வார்த்தை இன்னும் எனக்குப் பாக்கி அத்தை."