பத்ரிக்குப் போகும் பட்டியல்

பங்குனி முடிவதற்குள் பெயர் கொடுத்துவிட வேண்டும் என்று பரமசிவம் கறாராகச் சொல்லியிருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளையார்பாளையத்து நெசவாளிகளை மூன்று முறை பத்ரிநாத்துக்கு அழைத்துப் போய் வந்தவர். வைகாசி பிறந்ததும் கிளம்பினால் கோயில் திறந்திருக்கும், பனி கொஞ்சம் மிச்சமிருக்கும் என்றார்.

காசிநாதன் வீட்டில் மூன்று பேர் போவதாக முடிவாகியிருந்தது. அவர், மனைவி ரேணுகாம்பாள், மருமகள் அம்சவேணி. இரவல் வாங்கிய ஸ்வெட்டரைப் பங்குனி வெயிலில் மாட்டிப் பார்த்த காசிநாதன் நாலே நிமிடத்தில் கழற்றி எறிந்தார். இங்கேயே வெந்துவிட்டால் மலைக்குப் போகிற செலவு மிச்சம் என்றாள் ரேணுகாம்பாள். யாரும் சிரிக்கவில்லை.

எதற்குப் போகிறார்கள் என்று மூன்று பேருக்கும் தெரியும். அறுபத்திரண்டில் சீனாவோடு நடந்த சண்டைக்குப் பட்டாளத்தோடு லடாக் பக்கம் போன மகன் திரும்பவில்லை. காணவில்லை என்று தந்தி வந்தது. செத்தான் என்று யாரும் எழுதவில்லை. அப்படிப் போனவர்களுக்குப் பன்னிரண்டு வருஷம் பார்த்துவிட்டுத்தான் காரியம் செய்வார்கள். அதுவரை பெண்டாட்டி சுமங்கலி. போன ஐப்பசியோடு கெடு முடிந்துவிட்டது. தை மாதம் காசிநாதன் பத்ரி என்று பேச்செடுத்தார்.

அம்சவேணிக்கு முப்பத்து மூன்று வயது. அவனோடு வாழ்ந்தது ஆறு மாதம். கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்கள் குங்குமச் சிமிழை அவளிடம் நீட்டலாமா கூடாதா என்று ஒரு கணம் தடுமாறுவார்கள். அந்த ஒரு கணத்தை அவள் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் பரமசிவம் காகிதத்தோடு வந்து உட்கார்ந்தார். போகிறவர்கள் பெயரை எழுதினார். பிறகு, பத்ரி கோயிலுக்குப் பக்கத்தில் செத்தவர்களுக்குக் காரியம் செய்யும் பிரம்மகபாலத்தில் யார் யாருக்குப் பிண்டம் வைக்க வேண்டும் என்று கேட்டார். அங்கிருக்கும் புரோகிதருக்கு முன்கூட்டியே எழுதிப் போட வேண்டுமாம். காசிநாதன் அப்பா பெயரைச் சொன்னார். அம்மா பெயரைச் சொன்னார். நிறுத்திக்கொண்டார்.

"வேற?"

"அவ்ளோதாம்பா."

பரமசிவம் பேனாவை மூடினார். தறிக்குழியில் நெய்துகொண்டிருந்த அம்சவேணி ஊடைநூல் நாடாவை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அத்தனை தூரம் போயும் மாமனார் மகனுக்குக் காரியம் செய்யாமலே திரும்பப் போகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மாமா, இன்னும் ஒரு பேரு இருக்குது."

"சும்மா இரும்மா. பனியப் பாத்து சாமி கும்புட்டுட்டு வந்துருவோம்."

"பனி பாக்க நான் வரல மாமா."

ரேணுகாம்பாள் அடுப்படியிலிருந்து வந்தாள். "உன் நெத்திய நீயே அழிச்சிக்கப் போறியாடி?"

"எல்லாரும் என் நெத்தியத்தான் பாத்துக்கினு இருக்கறாங்க அத்த. எதுனா ஒண்ணா இருந்துட்டுப் போறேன்."

பெற்றவர்கள் சொன்னால்தான் எழுதுவேன் என்றார் பரமசிவம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். காசிநாதன் தரையைப் பார்த்தார். ரேணுகாம்பாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லும் வழக்கம் அந்தத் தெருவில் இல்லை. கோயிலில் அர்ச்சனைக்குக்கூடப் பக்கத்தில் நிற்பவர்கள்தான் சொல்வார்கள்.

"வீரபத்திரன்," என்றாள் அம்சவேணி. "எழுதிக்கோங்க."

பரமசிவம் எழுதவில்லை. காசிநாதனையே பார்த்தார். காசிநாதன் தலை நிமிராமல் சொன்னார்:

"நட்சத்திரம் பூரட்டாதி. அதையும் போட்டுக்கோப்பா."