வெட்டியவர் (இடது)

காலை ஆறே காலுக்கு அஸார் கூப்பிட்டான்.

"அக்கா, படத்தை யாரு திருப்பினது?"

செம்மொழிக்குத் தூக்கம் கலையவில்லை. "எந்தப் படம்?"

"நேத்து நான் அனுப்பின கொலைப் படம். பேப்பரைப் பாருங்க. வெட்டினவன் வலது பக்கம் நிக்கிறான்."

தஞ்சாவூர்ப் பதிப்பில் மாவட்டப் பக்கங்களுக்குச் செய்தியும் படத்தின் கீழ் வரும் வரிகளும் எழுதுவது அவள் வேலை. அஸார் திருத்துறைப்பூண்டிப் புகைப்படக்காரன். கடைமடைக்குத் தண்ணீர் வராததைப் படமெடுக்கப் போன இடத்தில் கொலையைப் பார்த்துவிட்டான். மடையைத் திறக்க வந்த அய்யாக்கண்ணுவைக் கண்ணுசாமி கழுத்தில் வெட்டினான். சேற்றில் விழுந்தவரை விடாமல் வெட்டினான். பக்கத்து வயலிலிருந்து ஓடிவந்த பரிதி பின்னாலிருந்து பாய்ந்து அரிவாளைப் பிடித்தான். அந்த நொடிதான் படம். ஒரே அரிவாளில் இரண்டு பேர் கை. இரண்டு பேர் சட்டையிலும் ரத்தம். இரண்டு முகமும் ஒரே பக்கம் பார்த்தன. பிறகு கண்ணுசாமி உதறிக்கொண்டு ஓடினான். இன்னும் பிடிபடவில்லை. பரிதியைக் கையில் தையலோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை.

போலீஸ் சொல்லும்வரை படத்தின் கீழ் பெயர் போடுவதில்லை. அதனால் செம்மொழி, 'வெட்டியவர் (இடது), தடுக்க முயன்றவர் (வலது)' என்று எழுதினாள். பிணத்தை மங்கலாக்கச் சொன்னாள். பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

இப்போது கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அவள் கிளம்பிய பிறகு வந்த நகைக்கடை விளம்பரம் படம் இருந்த இடத்தில் இருந்தது. படம் எதிர் ஓரத்துக்குப் போயிருந்தது. இடது மார்பில் இருக்க வேண்டிய பரிதியின் சட்டைப் பை வலது மார்பில் இருந்தது.

ஓரத்தில் வைக்கும் படத்தில் முகம் பக்கத்துக்குள்ளே பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால், கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போடுவார்கள். பக்கம் கட்டும் தமிழ்மாறன் அதைத்தான் செய்திருந்தான். போன வாரம்கூட ஒரு கோயில் படத்தை அவளே சொல்லித் திருப்ப வைத்தாள்.

"நாளைக்குத் திருத்தம் போட்டுடலாம்" என்றாள்.

"நாளைக்கா? அய்யாக்கண்ணு பசங்க திருப்பூர் பஸ்ல வந்து எறங்கினாங்கக்கா. அப்பாவை வெட்டிட்டாங்கன்னு மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும். இங்க டீக்கடையில பேப்பர் வாங்கிப் பாத்தாங்க. 'நம்ம பரிதியா'ன்னு சின்னவன் அழுதான். அப்புறம்தான் நான் படத்தையே பாத்தேன். கூப்பிடறதுக்குள்ள, அழைச்சிட்டுப் போக வந்த சொந்தக்காரர் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"ஸ்டேஷனுக்குச் சொன்னியா?"

"சொல்லிட்டேன். நான் பின்னாடியே போறேன். பரிதி நம்பர் அனுப்பியிருக்கேன். நீங்க பேசுங்க."

பரிதி உடனே எடுத்தான். அவள் எங்கிருந்து பேசுகிறாள் என்று சொன்னாள்.

"பேப்பர் ஆபீஸுங்களா? நம்ம படம் வந்திருக்காமே! எங்க ஊருக்கு இன்னும் பேப்பர் வரலீங்க."

"பரிதி, வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்துங்க."

"வாசல்ல நிக்கிறேங்க. ஒரு கையில தையல், இன்னொரு கையில போனு. பல்லு வெளக்கக் கை இல்ல." சிரித்தான்.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"யாரு வர்றது?"

"அய்யாக்கண்ணு மாமா பசங்கதாங்க. பாவம், இப்பதான் வர்றாங்க. மாமாவுக்குக் கடைசித் தண்ணி நான்தான் ஊத்தினேன். அதைச் சொல்லணும்."

"உள்ள போங்க! படம் மாறிப்போச்சு. நீங்க வெட்டினதாப் போட்டிருக்கு!"

"என்னதுங்க?"

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டான் போலிருந்தது. குரல் தள்ளிக் கேட்டது. "வாப்பா... மாமா எங்கிட்ட..."

முதல் வெட்டு விழுந்தது. பரிதி கத்தினான். போன் தரையில் மோதியது.

"நான் இல்லடா! நான் புடிச்சேன்டா!"

மறுபடி வெட்டினார்கள். எலும்பில் இரும்பு இறங்கும் சத்தம் செம்மொழியின் காதுக்குள் கேட்டது. அதற்கப்புறம் அவனிடமிருந்து சொல்லாக எதுவும் வரவில்லை. தொண்டையில் ஏதோ கொப்பளித்தது. ஒரு பெண் அலறினாள். வெட்டு நிற்கவில்லை.

"அவர் தடுத்தவர்! கேளுங்க, அவர் தடுத்தவர்!" செம்மொழி தொண்டை கிழியக் கத்தினாள். மண்ணில் கிடந்த போனை யாரும் கவனிக்கவில்லை.

கொப்பளிப்பு நின்றது. யாரோ போனை எடுத்தார்கள். மூச்சு வாங்கியது.

"யாரு?"

"தஞ்சாவூர்... பேப்பர் ஆபீஸ்."

இளம் குரல். உடனே மரியாதைக்கு மாறியது.

"பேப்பருங்களா? நீங்க மட்டும் போடலேன்னா இன்னிக்கு எங்கப்பா பொணத்தை இவனே தோள்ல தூக்கியிருப்பான். யாருங்க மேடம் அதை எழுதினது?"